ஜபுட்டிகாபா கன்னு ரிவியூ: பழத்துக்கு வாங்காதீங்க, பட்டைக்கு வாங்குங்க

பழம் பறிச்சு சாப்பிடணும்னு ஆசைப்பட்டு ஜபுட்டிகாபாங்கற பிரேசில் பழமரத்த தேடிக்கிட்டு இந்த ரிவியூவ படிக்க வந்திருந்தீங்கன்னா முதல்லயே சொல்லிடறேன், பழத்த இப்போதைக்கு மறந்துடுங்க. ஆன்லைன்ல எந்த நர்சரி பேஜ திறந்தாலும் அடிமரம் பூரா கருப்பு கருப்பா காய் ஒட்டிக்கிட்டு இருக்கற அதே போட்டோவ தான் போட்டு வச்சிருக்காங்க, எல்லாரும் அத பாத்துட்டு தான் ஆர்டர் போடறாங்க, ஆனா அதே போட்டோல காய்க்கு நடுநடுவுல தெரியுதே ஒரு பட்டை, சந்தன கலரும் வெளிர் பழுப்பும் சாம்பலுமா திட்டு திட்டா, அத யாரும் கண்டுக்கறதே இல்ல. நான் வாங்கினது அந்த பட்டைக்கு தான். சின்ன இடம், வருஷம் பூரா இலை நிக்கணும், பூ காய் எதுவும் இல்லாத நாள்லயும் பாக்கறதுக்கு ஒரு விஷயம் இருக்கணும்னு யாராவது கேட்டா என் ஓட்டு இதுக்கு தான்.

மார்க் முதல்லயே போட்டுடறேன். மரத்துக்கு 5க்கு 4.5. அனுப்பின கடைக்கு 5க்கு 2, அதுவும் பேக்கிங்குக்காக போட்ட 2.

கடை பேர் வேண்டாம், ஏன்னா இது ஒரு கடையோட கதை மட்டும் இல்ல, நிறைய பேர் இதே தான் பண்றாங்க. பேக்கிங் நிஜமாவே அருமை. வேர்க்கட்டி உடையாம ஈரத்தோட சுத்தி, தண்டு ஆடாம குச்சி கட்டி, அட்டைப்பெட்டில காத்து போக ஓட்டை போட்டு அனுப்பியிருந்தாங்க, ஒரு கொழுந்து கூட வாடல. பிரச்சனை லேபிள்ல. "ஒட்டுக்கன்னு, சீக்கிரம் காய்க்கும்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. ஒட்டு போட்ட கன்னுன்னா அடியில எங்கயாவது ஒரு சாய்வான தழும்போ வீக்கமோ இருக்கணும், அதுக்கு மேல கீழ பட்டை கொஞ்சம் வித்தியாசமா தெரியணும். இதுல மண்ணுல இருந்து நுனி வரைக்கும் விரல வச்சு தடவி பாத்தேன், ஒரு முடிச்சு கூட இல்ல, சும்மா வழவழன்னு போகுது. அது மட்டும் இல்ல, மண்ணு மட்டத்துலயே மூணு கிளையா பிரிஞ்சு புதர் மாதிரி கிளம்பியிருக்கு. சுத்தமான விதைக்கன்னு. போன் பண்ணா "சார் ஒட்டு தான் சார், தழும்பு ஆறிடுச்சு சார்"ங்கறார். அவ்ளோ சின்ன கன்னுல தழும்பு தடமே இல்லாம ஆறுமா அண்ணேன்னு கேட்டதுக்கு "நீங்க வச்சு பாருங்க சார், காய்க்கலன்னா சொல்லுங்க"ன்னு சொல்லி வச்சிட்டார். ஜபுட்டிகாபா விதைக்கன்னு காய்க்க 8ல இருந்து 15 வருஷம் ஆகலாம், அத்தன வருஷம் கழிச்சு யாரு யாருகிட்ட போய் சொல்றது.

ஆனா பட்டைக்கு வாங்கறவங்களுக்கு விதைக்கன்னு ஒரு நஷ்டமே இல்ல, சொல்லப்போனா அது தான் நல்லது. இந்த மரத்துக்கு ஒரே விதையில ஒண்ணுக்கு மேல கன்னு முளைக்கற குணம் இருக்கு, அப்படி வர்றது பெரும்பாலும் தாய் மரத்தோட குணத்துலயே தான் வரும், அதனால விதைக்கன்னுன்னு பயப்பட வேண்டாம். அடியிலேயே பிரிஞ்சு நாலஞ்சு தண்டா எழும்பறதும் விதைக்கன்னுல இயல்பா வரும், ஒரே தண்டா நேரா போற மரத்த விட இப்படி அடியில இருந்து பிரிஞ்ச மரத்துல பட்டை தெரியற இடம் அதிகம். கேட்டது ஒண்ணு வந்தது ஒண்ணுங்கறதுக்காக தான் கடைக்கு மார்க் குறைச்சேன், கன்னு மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஜபுட்டிகாபாவோட சொந்த ஊரு பிரேசில், மினாஸ் ஜெராய்ஸ் சாவ் பாலோ பக்கம். தாவரவியல் பேரு பிளினியா காலிஃப்ளோரா, பழைய புத்தகங்கள்ல மிர்சியாரியான்னு போட்டிருக்கும், ரெண்டும் ஒண்ணு தான். நம்ம கொய்யா, நாவல், கிராம்பு, யூகலிப்டஸ் எல்லாம் எந்த குடும்பமோ இதுவும் அதே மிர்டேசியே குடும்பம். இத தெரிஞ்சுக்கிட்டா பாதி விஷயம் புரிஞ்சிடும், ஏன்னா கொய்யா மரத்த பக்கத்துல நின்னு பாத்தவங்களுக்கு பட்டை உரியறது புதுசு இல்ல, கொய்யால அடியில பச்சையும் செம்பும் கலந்து வரும், யூகலிப்டஸ்ல நீள நீளமா தொங்கும், இதுல சின்ன சின்ன செதிலா வரும். மினாஸ் ஜெராய்ஸ்ல இருக்கற கொன்டாஜெம் நகரத்தோட சின்னத்துலயே இந்த மரம் இருக்கு, பக்கத்துல சபாரான்னு ஒரு ஊர்ல இதுக்குன்னு திருவிழாவே நடத்தறாங்க, அந்த ஊர் பேர்லயே ஒரு ரகமும் இருக்கு.

சரி பட்டைக்கு வரேன், இதுக்கு தானே இவ்ளோ நீட்டி எழுதறேன்.

கன்னு பென்சில் தடிமன்ல இருக்கறப்போ ஒண்ணும் தெரியாது, சாதா பழுப்பு குச்சி. விரல் தடிமன் வந்தப்புறம் தான் ஆட்டமே ஆரம்பிக்குது. முதல்ல ஒரு இடத்துல மெல்லிசா கோடு விழும், அப்புறம் அந்த கோட்டோட ஓரம் தூக்கிக்கும், தூக்கின ஓரம் வெயில்ல காஞ்சு உள்பக்கமா சுருண்டுக்கும், மத்த பக்கம் இன்னும் தண்டுலயே ஒட்டிக்கிட்டு இருக்கும். வெங்காயச் சருகு அளவுக்கு தான் கனம். சாயங்கால வெயில் பின்னாடி இருந்து அடிக்கறப்போ போய் பாத்தீங்கன்னா அந்த சுருண்ட ஓரம் மட்டும் செம்பழுப்பா ஒளி விட்டு தெரியும். அது விழுந்த இடத்துல புதுப்பட்டை கிட்டத்தட்ட கிரீம் கலர்ல, லேசா ரோஸ் ஓடின மாதிரி, தொட்டா குளிர்ச்சியா வழவழன்னு இருக்கும். கொஞ்ச நாள்ல அது வெளிர் பழுப்பாகி, அப்புறம் சாம்பல் ஏறி, அதுக்குள்ள பக்கத்துல இன்னொரு செதில் கிளம்பிடும். ஒரே தண்டுல மூணு நாலு வயசு பட்டை பக்கத்து பக்கத்துல இருக்கறதால தான் அந்த திட்டு திட்டான அழகு. மழை பெஞ்சு நனைஞ்சப்புறம் பாருங்க, எல்லா கலரும் ஒரு படி ஏறி நிக்கும்.

இது ஏன் உரியுதுன்னு கேட்டா, பட்டையோட வெளிப்பக்கம் இருக்கறது செத்துப்போன செல்லு, தக்கை. உள்ள மரம் வருஷா வருஷம் பெருக்குது, செத்த தோலு கூடவே விரிஞ்சு குடுக்க முடியாது, வெடிக்கும். வேம்பு மாதிரி மரங்கள்ல அந்த வெடிச்ச தோலு விழாம அடுக்கு மேல அடுக்கா தங்கிடும், அதனால தான் வேப்பமரத்து அடி அவ்ளோ தடிமனா பிளவு பிளவா இருக்கு. கொய்யா ஜபுட்டிகாபால அப்படி தங்காது, அடியில புதுசா ஒரு மெல்லிசு தக்கை அடுக்கு ரெடியானதும் மேல இருக்கறது கழண்டுக்கும். அதனால மரத்துக்கு எத்தன வயசானாலும் அடிமரம் வழவழப்பாவே இருக்கும். அப்போ உரியறது நோய் இல்ல, மரம் பெருக்குதுங்கறதுக்கு அத்தாட்சி. எங்க அம்மா பாத்துட்டு "என்னடா இது, மரத்துக்கு சொறி புடிச்சிருக்கு, மஞ்சத்தண்ணி தெளிச்சு விடு"ன்னாங்க. விளக்கி சொன்னேன், நம்பல, மஞ்சத்தண்ணி தெளிச்சாச்சு, மரத்துக்கும் ஒண்ணும் ஆகல.

கை துறுதுறுங்கும், பாத்துக்கோங்க. பாதி தூக்கிக்கிட்டு நிக்கற செதில பாத்தா இழுக்கணும்னு தோணும், இழுக்காதீங்க. தானா கழண்டது விரல் பட்டாலே விழும், அது ஓகே, காஞ்ச மெத்துன்னு இருக்கற பிரஷ்ஷால லேசா தட்டி விடலாம், போன்சாய் வளக்கறவங்க அப்படி தான் பண்றாங்க. இன்னும் புடிச்சுக்கிட்டு இருக்கறத இழுத்தா அடியில இருக்கற பச்சை அடுக்கும் கூடவே கிழிஞ்சு வரும், அந்த இடம் தழும்பாகி கலரே மாறிடும். இன்னொரு காரணமும் இருக்கு, இந்த மரத்துக்கு பூ மொட்டு வர்றதே அடிமரத்து பட்டையில தான், அங்க நகத்த வச்சு நோண்டினா வருங்காலத்து பூவ நோண்டற மாதிரி தான்.

பட்டை நல்லா தெரியணும்னா கவாத்து முக்கியம். விட்டுட்டா அடியில இருந்தே சின்ன சின்ன குச்சியா மொசமொசன்னு கிளம்பி தண்டையே மறைச்சிடும், அப்புறம் இது மரமா செடியான்னு கேப்பாங்க. நல்லா இடைவெளி விட்டு நிக்கற தண்டு மூணு நாலு மட்டும் வச்சுக்கிட்டு, ஒண்ணோட ஒண்ணு உரசறத எடுத்துடுங்க, வச்சுக்கிட்ட தண்டுலயும் முழங்கால் உயரம், இடுப்பு உயரம்னு மெல்ல மெல்ல அடிக்குச்சிகள கழிச்சுட்டே போங்க. குச்சி மெல்லிசா இருக்கறப்பவே தண்டோட ஒட்டி சுத்தமா வெட்டணும், கட்டை விட்டு வெட்டினா அந்த முண்டு அப்படியே நின்னு பட்டையோட அழகையே கெடுக்கும். ஒரே நாள்ல மொட்டையடிக்காதீங்க, மேல இலை இருந்தா தான் தண்டு பெருக்கும், தண்டு பெருத்தா தான் பட்டை உரியும்.

இலையும் சும்மா சொல்லக்கூடாது. சின்ன இலை, நுனி கூர்மையா, பளபளன்னு கரும்பச்சை. புது கொழுந்து விடறப்போ மட்டும் இளஞ்சிவப்புல வரும், மரம் பூரா ஒரே சமயத்துல கொழுந்து விட்டா பூத்த மாதிரி இருக்கும். பழைய இலை அப்பப்போ கொஞ்சம் உதிரும், ஆனா மொட்டையா நிக்கவே நிக்காது.

இப்போ குறை. முதல் குறை வேகம், வேகம்னு ஒண்ணு இருந்தா தானே. இவ்ளோ மெதுவா வளர்ற மரத்த வாங்கிட்டு தினமும் போய் அளந்து பாத்தீங்கன்னா உங்களுக்கு தான் பிபி ஏறும். காட்டுல, நிலத்துல விட்டா 10 மீட்டருக்கு மேலயும் போகக்கூடிய மரம் தான், ஆனா இந்த நத்தை வேகத்தாலயும் தொட்டில வேர் அடங்கறதாலயும் வீட்டுல அது சின்ன மரமாவே நிக்கும். எனக்கு அது ப்ளஸ், அவசரக்காரங்களுக்கு மைனஸ். அதனால தான் சொல்றேன், கையில கொஞ்சம் காசு இருந்தா சின்ன கன்னு வேண்டாம், தண்டு ஏற்கனவே விரல் தடிமன் தாண்டின கன்னா வாங்குங்க, பட்டைய உடனே பாக்கலாம். உயரத்த பாத்து வாங்காதீங்க, தண்டு தடிமன பாத்து வாங்குங்க. நர்சரிக்காரங்க உயரத்துக்கு தான் விலை சொல்வாங்க, ஒல்லியா நாலடி நிக்கறதுக்கு குட்டையா குண்டா ரெண்டடி நிக்கறது எவ்வளவோ மேல்.

ரெண்டாவது குறை தண்ணி, இதுல தான் நிறைய பேர் மரத்த கோட்டை விடறாங்க. இது புளிப்புத்தன்மை உள்ள மண்ணு கேக்கற மரம், பிஹெச் (புளிப்ப அளக்கற எண்ணு, குறைய குறைய புளிப்பு ஜாஸ்தி) 5.5ல இருந்து 6.5க்குள்ள இருந்தா சந்தோஷமா இருக்கும். உப்பு சுத்தமா ஆகாது. சுண்ணாம்பு கலந்த கடினமான போர் தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தீங்கன்னா முதல்ல இலை ஓரம் கருகும், அப்புறம் புது இலை மஞ்சளா வரும், நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். இத பாத்ததும் எல்லாரும் உரம் பத்தலன்னு யூரியாவ அள்ளி போடறாங்க, அது இல்ல, இது இரும்புச்சத்து பிரச்சனை. மண்ணுல இரும்பு இருக்கும், ஆனா பிஹெச் ஏறினதால வேரால எடுக்க முடியாது. கடையில இரும்பு கீலேட் கேளுங்க, வேரு எடுத்துக்கற மாதிரி பக்குவப்படுத்தின இரும்புச்சத்து அது, அதுலயும் ரெண்டு வகை கிடைக்கும், ஈடிடிஏ, ஈடிடிஹெச்ஏ. ஈடிடிஏ வகை மண்ணு பிஹெச் 6.5 தாண்டினா சரியா வேலை செய்யாது, உங்க தண்ணி கடினமா இருந்தா ஈடிடிஹெச்ஏ தான் வாங்கணும், தண்ணில கலந்தா ரத்த சிவப்பா இருக்கும், தரையில பட்டா கறை போகாது, ஜாக்கிரதை. பிஹெச்ச இறக்க கந்தகத்தூளும் போடலாம், ஆனா அது மண்ணுல இருக்கற பாக்டீரியா மூலமா மெதுவா தான் வேலை செய்யும், இன்னைக்கு போட்டா நாளைக்கு தெரியாது. மழைத்தண்ணி புடிச்சு வச்சு ஊத்த முடிஞ்சா அதவிட பெரிய வைத்தியம் கிடையாது.

அடுப்பு சாம்பல், முட்டை ஓடு, சுண்ணாம்பு இதெல்லாம் இந்த தொட்டி பக்கமே கொண்டு போகாதீங்க. மத்த செடிக்கு நல்லதுன்னு பழக்கத்துல போட்டுடுவோம், இதுக்கு அது பிஹெச்ச ஏத்தற விஷம். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலக்கறதா இருந்தா அத ஒண்ணு ரெண்டு தடவ நல்லா அலசி உப்ப எடுத்துட்டு கலக்குங்க. மண் கலவைன்னு பெருசா ஒண்ணும் இல்ல, செம்மண்ணு, அலசின கோகோபீட், நல்லா மக்கின இலை உரம், தண்ணி வடியணும், அவ்ளோ தான்.

வேர் மேலாப்புல தான் ஓடும், அதனால தொட்டி ஆழத்த விட அகலமா இருக்கணும், மேல மண்ண கொத்தி விடற வேலை வேண்டவே வேண்டாம், காஞ்ச இலை போட்டு மூடாக்கு மட்டும் போட்டு விடுங்க. மண்ணு எப்பவும் லேசா ஈரமா இருக்கணும். ஒரு தடவ நல்லா காய விட்டீங்கன்னா நுனி கருகிடும், கருகின இலை திரும்ப பச்சையாகாது. ஊருக்கு போறவங்க பக்கத்து வீட்ல சொல்லிட்டு போங்க. வெயில் விஷயத்துல சின்னதுல மதிய வெயில மட்டும் மறைச்சு விடுங்க, பெருசானப்புறம் முழு வெயில் தாங்கும். குளிருன்னா, வளர்ந்த மரம் மைனஸ் 3 டிகிரி வரைக்கும் கொஞ்ச நேரம் தாங்கியிருக்கு, சின்ன கன்ன அப்படி சோதிச்சு பாக்காதீங்க.

நோய் பெருசா இல்ல. ஒண்ணே ஒண்ணு, ஈரமான குளிர் காலத்துல கொழுந்துல மஞ்சப்பொடி தூவின மாதிரி வந்தா அது மிர்டில் ரஸ்ட்ங்கற பூஞ்சை, 1884லயே பிரேசில்ல கொய்யாவுல கண்டுபிடிச்சு எழுதி வச்சிருக்காங்க. வந்த கொழுந்த கிள்ளி எரிச்சுடுங்க, இலைக்கு மேல தண்ணி தெளிக்கறத நிறுத்திடுங்க, கிளைய கொஞ்சம் கழிச்சு காத்து போக விடுங்க.

பழம் பத்தி கேக்காம விட மாட்டீங்க, அதனால சொல்றேன். பூ நேரா அடிமரத்துல, பட்டைய பிளந்துக்கிட்டு வெள்ளையா வரும், ஒரு மாசம் அளவுல காய் கருத்துடும். 2ல இருந்து 4 செமீ குறுக்களவு, தடிமனான ஊதா தோலு, உள்ள வெள்ளை சதை, ஒண்ணுல இருந்து நாலு விதை. சதை இனிப்பு, தோலு துவர்ப்பு, சப்பி சாப்பிடணும். பறிச்ச மூணு நாலு நாள்ல புளிக்க ஆரம்பிச்சுடும், அதனால தான் கடையில பாக்கவே முடியறதில்ல, பிரேசில்ல கூட நிறைய பழத்த ஜெல்லி, ஒயின்னு போட்டு தீக்கறாங்க. பழம் தான் வேணும்னு அடம் பிடிச்சா சிவப்பு ஹைப்ரிட்னு ஒரு ரகம் விக்கறாங்க, அது சபாராவ விட பல வருஷம் முன்னாடியே காய்க்கும்.

இதே பட்டை அழகுக்கு வேற மரம் பாக்கலாமான்னா, பாக்கலாம். ஸ்ட்ராபெர்ரி கொய்யா வேகமா வரும், பட்டையும் சூப்பர், ஆனா விதை பரவி காட்டையே புடிச்சுக்கும், ஹவாய்ல அது பெரிய தலைவலி, அதனால தொட்டிய தாண்ட விடக்கூடாது. கிரேப் மிர்டில் பட்டை இன்னும் அழகு, பூவும் உண்டு, ஆனா இலைய கொட்டிட்டு நிக்கும், அது எனக்கு ஒத்து வரல. குளிர் நாட்டுல இருக்கறவங்களுக்கு லூமா அபிகுலேட்டான்னு ஒண்ணு இருக்கு, சிலி அர்ஜென்டினா மரம், பட்டை இலவங்கப்பட்டை கலர்ல உரிஞ்சு வெள்ளைத் திட்டு விழும், அர்ஜென்டினாவுல லோஸ் அராயானெஸ்னு இந்த மரத்துக்காகவே ஒரு தேசியப் பூங்கா வச்சிருக்காங்க. ஆனா அது சூடான சமவெளியில நிக்காது, ஆசைப்பட்டு வாங்கி கொல்லாதீங்க.

கடைசியா ஆர்டர் போடறவங்களுக்கு. வாட்ஸ்அப்ல உங்களுக்கு வரப்போற அதே கன்னோட அடித்தண்டு போட்டோவ கேளுங்க, பக்கத்துல ஒரு பேனா வச்சு எடுக்க சொல்லுங்க, தடிமன் தெரிஞ்சிடும், ஒட்டுன்னா தழும்பும் தெரிஞ்சிடும். அனுப்ப மாட்டேன்னு சொன்னா வேற கடை பாருங்க. அப்புறம் சில பேர் ஜபுட்டிகாபா விதைன்னு காஞ்ச விதைய பாக்கெட்ல போட்டு விக்கறாங்க, அத தொடவே தொடாதீங்க, இந்த விதை ஈரம் காஞ்சாலே செத்துடும், பழத்துல இருந்து எடுத்த உடனே போட்டா தான் முளைக்கும், பாக்கெட்ல வர்றது என்ன விதைன்னு அவங்களுக்கே வெளிச்சம்.